சவுத்தாம்ப்டன்: விற்றதும் விற்றிருக்கக் கூடாததும்

2014 கோடையில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கால்பந்து அணியே கலைந்துபோனது போலிருந்தது. லல்லானா, லம்பேர்ட், லோவ்ரன் மூவரும் லிவர்பூலுக்குப் போனார்கள். லூக் ஷாவை மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது, சேம்பர்ஸை ஆர்சனல் வாங்கியது. பயிற்சியாளர் பொச்செட்டினோவும் டாட்டன்ஹாமுக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் ரொனால்ட் கூமன் வந்த அந்த சீசனில் அணி பிரீமியர் லீக்கில் ஏழாவது இடம் பிடித்தது. அடுத்த சீசனில் ஆறாவது. ஆட்டக்காரர்களை வளர்த்து விற்று, அந்தப் பணத்தில் புதியவர்களை எடுக்கும் வழிக்கு அந்த இரண்டு ஆண்டுகள்தான் ஆகச் சிறந்த சான்று.

இந்த வழி ஆசைப்பட்டுத் தேர்ந்ததல்ல. 27 ஆண்டுகள் முதல்நிலை லீக்கில் இருந்த கழகம் 2005இல் கீழிறங்கியது. 2006 ஜனவரியில் 16 வயது வால்காட்டை ஆர்சனலுக்கும், மறு ஆண்டு கேரத் பேலை டாட்டன்ஹாமுக்கும் கொடுத்தது. அப்படியும் கடன் தீரவில்லை. 2009இல் கழகம் திவால் நிலைக்குப் போய், மூன்றாம்நிலை லீக்கை 10 புள்ளிக் கழிவோடு தொடங்கியது. தொழிலதிபர் மார்கஸ் லீபெர் வாங்கியிராவிட்டால் கழகமே மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். சுமார் 32,000 பேர் அமரும் மைதானத்தின் வருமானத்தை வைத்துக்கொண்டு லிவர்பூலோடு சம்பளப் போட்டி போட முடியாது. ஆகவே விற்றதைப் பாவம் என்று சொல்ல நான் தயாரில்லை.

திறமையைக் கண்டெடுப்பதில் அவர்களுக்கு உண்மையான கூர்மை இருந்தது. சால்ஸ்பர்க்கிலிருந்து வந்த சாடியோ மானே, 2015 மே மாதம் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 2 நிமிடம் 56 நொடிகளில் மூன்று கோல் அடித்தார். பிரீமியர் லீக்கின் மிக வேகமான ஹாட்ரிக் அதுதான். செல்டிக்கிலிருந்து எடுத்த வான் டைக்கை 2018 ஜனவரியில் 7.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் வாங்கியது.

கோளாறு தெரிந்ததும் அதே மாதத்தில்தான். கையில் அவ்வளவு பணம் சேர்ந்த நேரத்தில் மொனாக்கோவிலிருந்து வாங்கிய முன்கள ஆட்டக்காரர் கரீயோ, சவுத்தாம்ப்டனுக்காக ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்த சீசனில் அணி பதினேழாவது இடத்தில் தப்பிப் பிழைத்தது.

முன்பு பலித்தது இப்போது ஏன் பலிக்கவில்லை? தேர்வாளர்களின் கண் மங்கிவிட்டது என்பது பாதிக் காரணம்தான். 2014இல் ஐந்து பேர் போனபோதும் ஷ்நைடர்லின், ஸ்டீவன் டேவிஸ், ஹோசே ஃபோன்ட்டே ஆகியோர் இருந்தார்கள். ஃபோன்ட்டே மூன்றாம்நிலை லீக்கிலிருந்தே அணியோடு ஏறி வந்தவர். புதிதாக வருபவன் தடுமாறினால் தாங்கிப் பிடிக்க அந்த முதுகெலும்பு இருந்தது. பிறகு 2015இல் ஷ்நைடர்லினும், 2017 ஜனவரியில் அணித் தலைவர் ஃபோன்ட்டேயும் போனார்கள். விற்பனை விலையைக் கணக்கிட்ட கழகம், தாங்குபவர்களின் மதிப்பைக் கணக்கிடத் தவறியது.

2022இல் வந்த புதிய உரிமையாளர்கள் இதே தவறைப் பெரிதாகச் செய்தார்கள். மான்செஸ்டர் சிட்டியின் இளைஞர் அணிகளில் வளர்ந்த பசூனு, லாவியா, எடோசி, லாரியோஸ் நால்வரையும் ஒரே கோடையில் கொண்டுவந்தார்கள். நால்வருமே இருபது வயதைத் தாண்டாதவர்கள். ஒரே சீசனில் மூன்று பயிற்சியாளர்கள். கடைசி இடத்தில் முடித்து அணி கீழிறங்கியது. லாவியா நல்ல லாபத்துக்கு செல்சிக்குப் போனார். விற்பனை ஜெயித்தது, அணி தோற்றது.

லாபக் கணக்கில் ஏறாத ஒன்று ரசிகரின் பற்று. மாட் லெ டிசியே 1986 முதல் 2002 வரை வேறெந்தக் கழகத்துக்கும் போகவில்லை. பழைய ‘டெல்’ மைதானத்தின் கடைசி லீக் ஆட்டத்தில், 2001 மே மாதம், மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஆட்டம் முடியும் தறுவாயில் உடலைத் திருப்பி, இடது காலால் கோல் அடித்தார். ஆர்சனல் 3-2 எனத் தோற்றது. அப்படி ஒருவர் நகரத்துக்கே சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். எட்டு வயதில் அகாடமிக்கு வந்த வார்ட்-பிரவுஸும் அப்படி ஆகியிருக்க வேண்டியவர். பிரீமியர் லீக்கில் நேரடி ஃப்ரீ கிக்கில் 17 கோல் அடித்து, பெக்கமின் சாதனைக்கு ஒன்றே குறைவாக நின்ற அவரை 2023இல் வெஸ்ட் ஹாமுக்கு விற்றார்கள்.

அவர் இல்லாத அணி 2024இல் மீண்டும் மேலே ஏறியது. அடுத்த ஆண்டே ஏழு ஆட்டங்கள் மீதமிருக்கையில் கீழிறங்கியது. மொத்தம் 12 புள்ளிகள். வழிகாட்ட மூத்தவர்கள் சிலரை விலை பேசாமல் வைத்துக்கொள்ளும் வரை, அகாடமி எத்தனை பேலை உருவாக்கினாலும் அந்தப் பலன் பிற அணிகளுக்கே போய்ச் சேரும்.