கூடமும் மூலையும்

நூலகத்துக்குள் நுழைந்ததும் சுவரோரத்து மேசை காலியாக இருக்கிறதா என்று தேடுகிற ஆசாமி நான். கட்டடக்கலைஞர் லூயி கான் கட்டிய எக்ஸிட்டர் நூலகத்தைப் புகழ்கிறவர்களில் பெரும்பாலோர் அதன் நடுக்கூடத்தைத் தாண்டி வராதது எனக்கு உறுத்துவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள பிலிப்ஸ் எக்ஸிட்டர் அகாதமி என்ற உறைவிடப் பள்ளி 1965-இல் இந்த வேலையைக் கானிடம் ஒப்படைத்தது. 1971 கடைசியில் நூலகம் திறந்தது. அகமதாபாத்தில் ஐ.ஐ.எம். வளாகத்தையும் அவர் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. செங்கல்லும் வட்டத் திறப்பும் இரண்டு இடத்திலும் உண்டு. எக்ஸிட்டர் கட்டடம் சதுரம். வெளிச்சுற்று செங்கல், அங்கே வாசகர்கள். அதற்குள் கான்கிரீட் சுற்று; அங்கே அலமாரிகள். நட்டநடுவில் வெறும் கூடம். கூரைக்கடியில் பெருக்கல் குறிபோலக் குறுக்கிடும் உத்தரங்கள், நாலு பக்கமும் பிரம்மாண்டமான வட்டங்கள்.

கூடத்தால் ஒரு பெரிய லாபம் உண்டு. உள்ளே வந்து நிமிர்ந்தவன் கண்ணில், வட்டங்களின் வழியே தளம் தளமாகப் புத்தகங்கள் படும். எது எங்கே இருக்கிறது என்று சொல்ல அம்புக்குறிப் பலகை வேண்டாம். ஆனால் பார்த்து முடித்த பிறகு அங்கே செய்வதற்கு என்ன இருக்கிறது? உட்கார்ந்து படிக்க ஆசை வராது. மெதுவாக இருமினாலும் ஊருக்கே கேட்கும்போல ஒரு கூச்சம். பத்திரிகைப் படங்களில் அந்தக் கூடம் பெரும்பாலும் ஆளில்லாமல் இருப்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

கானின் கைவண்ணம் என்னைப் பொறுத்தவரை சுவரோரத்தில்தான் இருக்கிறது. சன்னலையொட்டி வரிசையாக மரத்தாலான தனிப்படிப்பு மேசைகள், மொத்தம் 210 என்கிறார்கள். தலைக்கு மேலே பெரிய கண்ணாடி. அதன் வெளிச்சம் எல்லோருக்கும் பொது. மேசை மட்டத்தில் மட்டும் கையகலச் சன்னல், அதற்கு ஒரு தள்ளுக்கதவு. வெளியே மரத்தைப் பார்க்கத் தோன்றினால் தள்ளித் திறக்கலாம். நாளைக்குத் தேர்வு என்றால் இழுத்து மூடிக்கொள்ளலாம். எவ்வளவு உலகம் வேண்டும் என்பதைப் படிக்கிற பிள்ளையே தீர்மானிக்கிறான். கூடத்தில் இந்த உரிமை யாருக்கும் கிடையாது.

பெரியதும் சிறியதும் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் நியாயம். சரிதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள அளவு என்ன ஆனது? வாத்தியாரும் பன்னிரண்டு பேர்போல மாணவர்களும் ஒரே நீள்வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் படிக்கும் ஹார்க்னெஸ் முறைக்குப் பேர்போனது இந்தப் பள்ளி, 1930களிலிருந்து அப்படித்தான். அதன் நூலகத்திலோ தனியாள் ராஜா, கூட்டம் பார்வையாளர். நாலு பேர் தாழ்ந்த குரலில் விவாதிக்க மேல்தளத்தில் சில அறைகள் உண்டு. கட்டடத்தின் கற்பனையில் அவை ஓரத்தில் ஒட்டிக்கொண்டவைதான்.

1928-இல் குன்னார் ஆஸ்ப்ளுண்ட் கட்டிய ஸ்டாக்ஹோம் பொது நூலகத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இருண்ட, குறுகலான படிக்கட்டில் ஏறி உருளைவடிவக் கூடத்துக்குள் தலைநீட்டும்போது வெளிச்சம் மேலே கவிகிறது. நாடகம் இங்கும் உண்டு, ஆனால் அந்த நாடகத்துக்கு வேலையும் இருக்கிறது: கூடத்தின் சுவரே மூன்று அடுக்கு அலமாரி, வாசகர் தானே போய்ப் புத்தகத்தை எடுக்கலாம். குழந்தைகளுக்கோ சுவரோவியத்தோடு ஒரு குட்டிக் கதையறை. கூடத்தை உழைக்கவைத்ததில் ஆஸ்ப்ளுண்ட் கானை முந்துகிறார். மூலையைக் கட்டியதில் கானுக்கு இணை கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வசதியான உறைவிடப் பள்ளி என்பதால்தான் இத்தனை தனி மேசை கட்டுப்படியாகிறது. இதைப் பார்த்துப் பொது நூலகம் கட்டுகிறவர்கள் பணம் குறையும்போது முதலில் வெட்டுவது மூலையைத்தான். கூடம் திறப்புவிழாப் படத்துக்கு வேண்டியிருக்கிறது.

எக்ஸிட்டரின் செங்கல் தூண்கள், சுமக்கும் பாரம் குறையக் குறைய, மேலே போகப் போக ஒடுங்குகின்றன, சன்னல்கள் அகலமாகின்றன. அவற்றின் கீழ்ப்பாதியில் அந்தச் சின்னக் கதவுகள், ஒன்று திறந்து, ஒன்று மூடி, ஒன்று பாதியில் நின்றபடி.