வழிப்போக்கன் கேட்ட கேள்வி

காசியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் என்று ரயிலுக்குப் பெயர். பீகாரில் சாப்ராவில் புறப்பட்டு, காவேரியை எட்டிக்கூடப் பார்க்காமல் சென்னையோடு நின்றுவிடுகிற ரயில். எதிர் ஸீட்டில் ஒரு பையன். இருபத்திரண்டு வயதிருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. கல்யாணத்துக்கென்று ஊருக்கு வந்தவன், ஒரு மாத லீவு தீர்ந்து திரும்பிக்கொண்டிருந்தான். என் நரையைப் பொருட்படுத்தாமல் 'அண்ணா' என்றே கூப்பிட்டான். திருப்பூரில் அவன் கற்ற முதல் தமிழ் வார்த்தை அதுதானாம்.

என் கையில் பத்துப்பாட்டு இருந்தது. பட்டினப்பாலை பற்றி ஒரு கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதியிருப்பேன்: கடல்வழி வந்த குதிரைகள், மிளகு மூட்டைகள், கங்கைக்கரைப் பொருளும் காவிரிக்கரை விளைச்சலும் குவிந்த கடைத்தெரு, பல மொழி பேசுகிறவர்கள் கலந்து இனிது வாழ்ந்த புகார். மேடைப் பேச்சாளர்களுக்கு இந்த இடம் கற்கண்டு.

ஆனால் உருத்திரங்கண்ணனார் நகரத்தைப் பாடுவதோடு நிற்கவில்லை. 301 அடிகளில், இருநூறுக்கு மேல் புகாரை வர்ணித்துவிட்டு, பொருள் தேடப் போகச் சொல்லும் தன் நெஞ்சிடம் தலைவன் சொல்கிறான்: இந்தப் பட்டினமே கிடைப்பதானாலும் அவளை விட்டு வரமாட்டேன் என்று. இவ்வளவு பெரிய நகரத்தையும் ஒரு பெண்ணின் பிரிவுக்கு எதிரே தராசில் வைத்து, எடை போதாது என்று தள்ளிவிடுகிற துணிச்சல்தான் பாட்டின் உயிர் என்பது என் அபிப்பிராயம்.

பையன் என்ன புத்தகம் என்று கேட்டதால், எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் இதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அவன் வீட்டில் நெல் இருந்ததா, அண்ணா?" என்றான்.

நச்சினார்க்கினியர் உரையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

பிறகு அவன் தங்கள் பக்கத்து நாடகம் ஒன்றைச் சொன்னான். 'பிதேசியா'. எழுதி ஆடிய பிகாரி டாக்கூர் (1887–1971) அதே ஸாரன் ஜில்லாவில் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர்; பிழைப்புக்காகத் தாமே கரக்பூர் போனவர். நாடகத்தில் புருஷன் இளம் மனைவியை விட்டுக் கல்கத்தா போகிறான். அங்கே வேறொருத்தியோடு தங்கிவிடுகிறான். வீட்டு வழியே போகிற ஒரு வழிப்போக்கனிடம் மனைவி அழுது சொல்லி அனுப்புகிறாள். அவன் தேடிப்போய்ச் சொல்ல, புருஷன் திரும்புகிறான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பட்டினப்பாலையின் தலைவனுக்குப் போவதும் போகாததும் அவன் விருப்பம். பிதேசியாவில் போகாமலிருக்க வழியில்லை. போனவனுக்கு வீட்டை ஞாபகப்படுத்துவதற்குத்தான் அங்கே கலை வேண்டியிருக்கிறது. கவிதை என்று பார்த்தால் நம்முடையது உயர்ந்தது; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புகாரில் கலந்து வாழ்ந்த அந்தப் பல மொழிக்காரர்களும் யாரையோ விட்டு வந்தவர்கள்தானே? அவர்களுடைய பாலையைக் கவிஞர் பாடவில்லை. அவர்கள் நகரத்துக்கு அலங்காரமாக நின்றுவிட்டார்கள்.

நம்மவர் வெளியே போன கதையைப் புதுமைப்பித்தன் 1935-லேயே 'துன்பக் கேணி'யில் எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதி, கூலிக் கூட்டத்தில் ஒருத்தியாகக் கரைந்துவிடாமல் மருதியாகவே நம் மனசில் நிற்கிறாள். நம்மிடம் வருகிறவனுக்கு அந்த மரியாதையை நாம் செய்திருக்கிறோமா? நான் படித்த வரையில் அவன் பெரும்பாலும் ஒரு வரியில் வந்து போகிறவன்.

மற்றவர்களைச் சொல்வானேன்? பேஸின் பிரிட்ஜ் நெருங்கும்போது பையன் கேட்டான்: "நீங்கள் எழுதிய கதைகளில் எங்கள் ஊர் ஆள் உண்டா, அண்ணா?"

"உண்டு, தம்பி. ஒரு நாவலில், ஹோட்டலில் தட்டு எடுக்கிறவன்."

"பேர் என்ன?"

பேர் வைக்கவில்லை. 'வடக்கத்திப் பையன்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். அவனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஸென்ட்ரலில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வரேன் அண்ணா" என்று சுத்தமான தமிழில் சொல்லிவிட்டு, திருப்பூர் வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று விசாரித்தபடி போனான்.

கட்டுரையை இன்னும் எழுதவில்லை.