பழைய பாமாலைகளும் புதிய மெட்டுகளும்

பழைய பாடலொன்றைப் புதிய இசையில் வார்ப்பது குற்றமன்று. மக்களின் நாவில் வாழும் பாடல்கள் தலைமுறைதோறும் மாறியே வந்திருக்கின்றன. ஆயினும் மாற்றுபவர் எதைப் பேணுகிறார், எதைக் கைவிடுகிறார் என்று வினவும் கடமை விமர்சகனுக்கு உண்டு. அமெரிக்கக் கிறிஸ்தவ ரொக் இசைக்குழுவான ‘ஜார்ஸ் ஒவ் கிளே’ 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரிடெம்ப்ஷன் சோங்ஸ்’ என்னும் இசைத்தொகுப்பை நாம் இவ்வினாவுடனேயே அணுகுகிறோம். சமய நம்பிக்கை உடையவராயினும் அற்றவராயினும், மக்கள் கலையில் அக்கறை கொண்டோர் சிந்திக்க வேண்டிய செய்திகள் இதில் உள்ளன.

‘மண்பாண்டங்கள்’ எனப் பொருள்படும் தம் பெயரை விவிலியத்திலிருந்து எடுத்துக்கொண்ட இக்குழுவினர், 1990களின் முற்பகுதியில் இலினோய் மாநிலத்துக் கிரீன்வில் கல்லூரியில் மாணவராயிருந்தபோது ஒன்றுசேர்ந்தவர்கள். 1995இல் வெளிவந்த அவர்களது முதல் தொகுப்பிலுள்ள ‘ஃபிளட்’ என்னும் பாடல் சமயச் சார்பற்ற வானொலி நிலையங்களிலும் ஒலித்துப் புகழ்பெற்றது. பத்தாண்டுகளின் பின்னர் இவர்கள் பழைய பாமாலைகளை நாடினார்கள். அவ்வேளை அமெரிக்காவில் வழிபாட்டிசை பெருவணிகமாக வளர்ந்திருந்தது. வெற்றிக் களிப்பும் எளிய துதியும் நிறைந்த பாடல்களே சந்தையை நிரப்பின. அச்சூழலில், குற்றவுணர்வையும் துயரத்தையும் மரணத்தையும் மறைக்காது பேசும் பாடல்களைத் தேர்ந்தெடுத்தமை பாராட்டுக்குரியது.

அப்பாடல்கள் பிறந்த களங்களை நோக்குவோம். ‘கோட் வில் லிஃப்ட் அப் யுவர் ஹெட்’ என்பதன் மூலத்தை இயற்றிய பவுல் கெர்ஹாட், முப்பதாண்டுப் போர் (1618–1648) சீரழித்த ஜெர்மனியில் வாழ்ந்தவர். ‘இட் இஸ் வெல் வித் மை சோல்’ என்பதை எழுதிய சிக்காகோ வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பஃபோர்ட், 1873இல் அத்திலாந்திக் சமுத்திரத்தில் நிகழ்ந்த கப்பல் விபத்திலே தம் புதல்வியர் நால்வரை இழந்தவர். ‘ஐல் ஃபிளை அவே’ என்னும் பாடலோ, ஒக்லஹோமாவிலே தந்தையின் வயலில் பருத்தி கொய்துகொண்டிருந்த அல்பேட் பிரம்லியின் மனத்தில் 1929இல் கருக்கொண்டு, 1932இல் அச்சேறியது. முதுகு வளைந்து உழைப்பவன் பறந்துபோகக் கனவு காண்பதில் வியப்பென்ன? சமயத்தை அபின் என்றார் மார்க்ஸ் என்பதை மட்டும் மனனம் செய்தோர், மெய்யான துயரத்தின் வெளிப்பாட்டையும் அதற்கெதிரான குரலையும் அவர் அதே சமயத்தில் கண்டார் என்பதை மறந்துவிடுகின்றனர்.

அந்தத் துயரம் இத்தொகுப்பில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? பிரம்லியின் பாடலை இக்குழுவினர் சாரா கெல்லி என்னும் பாடகியுடன் இணைந்து பாடுகின்றனர். செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் பருத்தி வயலின் வெயிலை அதில் உணர முடியவில்லை. தப்பிச் செல்லத் துடித்தவனின் ஏக்கம், ஓய்வுநேரத்து மென்சோகமாகக் குறுகிவிடுகிறது.

இதற்கு மாறாக, ‘பிளைண்ட் போய்ஸ் ஒவ் அலபாமா’ குழுவினர் இணையும் இரு பாடல்களில் தொகுப்பு உயிர்பெறுகின்றது. நிறவெறிச் சட்டங்கள் ஆட்சி செய்த அலபாமாவின் தல்லடேகா நகரிலே, பார்வையற்ற கறுப்பினப் பிள்ளைகளுக்கான பாடசாலையில் 1939இல் உருவான குழு அது. அவர்கள் யோர்தான் நதியைப் பாடும்போது, அப்பெயருக்கு ஆபிரிக்க அமெரிக்கரின் பாட்டு மரபு ஏற்றிவைத்த பொருளும் உடன்வருகின்றது. அடிமைகளுக்கு அந்நதியைக் கடப்பதென்பது மோட்சம் புகுவது மட்டுமன்று. விடுதலை மண்ணை மிதிப்பதுமாகும்.

ஆனால் இதே தொகுப்பில் ஜோன் நியூட்டன் 1774இல் எழுதிய பாமாலையும் இருக்கிறது. நியூட்டன் 1754வரை அடிமை வணிகக் கப்பல்களில் பணியாற்றியவர். அவ்வணிகத்தைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் வெளியிட்டதோ 1788இல்தான். பாமாலை எழுதி 14 ஆண்டுகள் கழித்து! அடிமைக் கப்பலைச் செலுத்தியவரின் பாடலும், அடிமைகளாக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களின் குரலும் ஒரே தொகுப்பில் அருகருகே நிற்கின்றன. இம்முரண்பாட்டை இசை தீண்டவேயில்லை. 1960களில் சிக்காகோவின் தென்பகுதியில் இன ஒற்றுமைக் கூட்டங்களுக்காகப் பீற்றர் ஷோல்ட்ஸ் என்னும் குருவானவர் ஆக்கிய பாடலும் இங்குண்டு. அதுவும் தன் போராட்டக் களத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பொதுவான அன்புரையாகவே நம்மை வந்தடைகின்றது.

உடைமைபற்றிய வினாவும் எழுகின்றது. பழைய பாமாலைகளின் சொற்கள் பெரும்பாலும் எவருக்கும் தனியுரிமையற்ற பொதுச்சொத்து. புதிய மெட்டும் இசையமைப்புமோ உரிமைச் சட்டத்துக்கு உட்படுவன. 1988இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட ‘சீ.சீ.எல்.ஐ.’ போன்ற அமைப்புகள், உரிமையுள்ள பாடல்களைப் பிரதிசெய்யத் திருச்சபைகளிடம் ஆண்டுதோறும் கட்டணம் பெறுகின்றன. சபையார் எல்லாரும் எழுந்துநின்று பாடிய பாடல், ஒருவர் பாடப் பலர் கேட்கும் பண்டமாகிறது. பின்னர் அதே சபையாரிடம் விலைக்குத் திரும்பி வருகிறது. இதற்கு ஒரு குழுவினரை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. கலையையும் பண்டமாக்கும் பொருளாதாரத்தின் இயல்பு அது. இக்குழுவினர் ஆபிரிக்காவில் குடிநீருக்கும் எயிட்ஸ் நோய்த் தடுப்புக்குமாக 2004இல் ‘பிளட்:வோட்டர் மிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. அவர்களது மனிதாபிமானம் மெய்யானது. அம்மனிதாபிமானம் வரலாற்றையும் எதிர்கொண்டிருந்தால் இத்தொகுப்பு மேலும் வலுப்பெற்றிருக்கும் என்பதே நம் குறை.

மரபைப் பற்றி ஓயாது விவாதித்த நமக்கும் இதில் ஒரு பாடமுண்டு. பழைய வடிவத்துக்குப் புத்தாடை உடுத்துவதுடன் மரபைப் புதுப்பிக்கும் பணி முடிவடைவதில்லை. அந்தப் பாடலை முதலில் பாடியவர் யார், அவர் எதிலிருந்து விடுதலை வேண்டினார், அவ்விடுதலை இன்று கிட்டியதா என்பவற்றையும் நாம் கேட்டாக வேண்டும். ‘ரிடெம்ப்ஷன் சோங்ஸ்’ முதலாவது பணியை அன்போடும் திறமையோடும் செய்திருக்கிறது. இரண்டாவது பணி, பார்வையற்ற முதியோர் சிலர் குரலெழுப்பும் அவ்விரு பாடல்களில் மட்டுமே தொடங்கப்பட்டிருக்கிறது.