நமது கதைகளில் அரசாங்க ஆஸ்பத்திரி

நமது சிறுகதைகளில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பெரும்பாலும் இரண்டு முகங்கள்தான்: எரிந்து விழும் மிஸ்ஸி, மலக்காக வரும் டொக்டர். நோயாளி காண்பது இவ்விரண்டையும் ஒரே வார்ட்டில்.

1951இல் கட்டணம் நீக்கப்பட்டது பெரும் பேறு. இருதய சத்திரசிகிச்சையைக் காசு வாங்காமல் செய்யும் ஆஸ்பத்திரியே, மருந்தை வெளியில் வாங்கத் துண்டும் எழுதுகிறது. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனையில் வழமையான சத்திரசிகிச்சைகளே நிறுத்தப்பட்டன. சிங்களத்தில் சொல்லப்பட்ட வருத்தத்தை உம்மாவுக்கு விளங்கப்படுத்த அடுத்த கட்டில்காரரைத் தேடும் மகளும் அங்குதான் நிற்கிறாள். அவள் முறைப்படுவதில்லை. ‘இலவசம்’ என்ற சொல் அவள் வாயை அடைத்துவிடுகிறது. மக்கள் வரிப்பணத்தில் நடப்பது தர்மமாகிவிடுகிறது.

நன்றியும் மனக்குறையும் ஒரே நெஞ்சில் கிடந்து புழுங்கும் அந்த மௌனத்தை நமது படைப்பாளிகள் எழுத வேண்டும்.