கடனும் கதையும்: ஹான்ஸ் றொக்கிளின் பொம்மைக்கடை பற்றிச் சில கருத்துகள்

பெற்றோர் தம் பிள்ளைகளுக்குத் தாமே புனைந்து சொல்லும் கதைகள் இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் பெரும்பாலும் வருவதில்லை. நாட்டார் வழக்காற்றை ஆராய்வோர் அவற்றைத் தனியொருவரின் கற்பனையென ஒதுக்குவர். நவீன இலக்கியத்தை ஆராய்வோர் எழுத்துருப் பெறாத வீட்டுப் பேச்சென ஒதுக்குவர். இலக்கியத்தைச் சமுதாய அடிப்படையில் நோக்கும் எம்மவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆயினும், ஓர் ஆக்கத்துக்கும் அது பிறந்த பொருளியற் சூழலுக்குமுள்ள தொடர்பை மிக நெருங்கி நின்று காண இத்தகைய கதைகள் இடமளிக்கின்றன. கார்ல் மார்க்ஸ் தம் மகளுக்குப் புனைந்து சொன்ன கதையொன்று இதற்குத் தக்க சான்றாகும்.

மார்க்சின் இளைய மகள் எலினோர் 1855 இல் இலண்டனிற் பிறந்தவர். தந்தையார் பற்றி அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1895 ஆம் ஆண்டுக்கான ஆஸ்திரியத் தொழிலாளர் ஆண்டுமலரில் வெளியாயின. தமக்கைமாரான ஜென்னிக்கும் லோராவுக்கும் தந்தையார் நடைபயணங்களின்போது கதை சொல்வாரென்றும், அக்கதைகள் அத்தியாயங்களால் அன்றி மைல்களால் அளக்கப்பட்டனவென்றும் அவர் கூறுகின்றார். தமக்குச் சொல்லப்பட்டவற்றுள் மிகச் சிறந்ததாக அவர் குறிப்பிடுவது ஹான்ஸ் றொக்கிளின் கதையாகும். மாதக்கணக்கில் நீண்ட தொடர்கதை அது. றொக்கிள் ஒரு மந்திரவாதி, பொம்மைக்கடை வைத்திருப்பவன், எந்நாளும் கையிற் காசில்லாதவன். அவனுடைய கடையிலே அரக்கரும் குள்ளரும், அரசரும் அரசியரும், தொழிலாளரும் முதலாளிமாரும், விலங்குகளும் பறவைகளும், மேசை நாற்காலிகளும் நிறைந்திருந்தன. மந்திரம் கைவந்தவனாயினும் சாத்தானுக்குரிய கடனையோ இறைச்சிக் கடைக்காரனுக்குரிய கடனையோ அவனால் தீர்க்க இயலவில்லை. அதனால் மனமின்றியே தன் பொம்மைகளைச் சாத்தானுக்கு விற்கின்றான். அவை பற்பல இடர்களுக்கும் வேடிக்கைகளுக்கும் உள்ளாகி, ஈற்றில் ஒவ்வொரு முறையும் அவனது கடைக்கே திரும்பி வருகின்றன. இக்கதைகளை அன்று எழுதிவைக்க எவருமில்லாது போயினர் என்பது எலினோரின் வருத்தம்.

சாத்தானும் இறைச்சிக் கடைக்காரனும் ஒரே நிலையில் வைக்கப்பட்டுள்ளமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக் கொடுப்பவனை ஐரோப்பிய மரபு நெடுங்காலமாக அறியும். அம்மரபிலே அறிவாசையோ அதிகார ஆசையோ மனிதனைச் சாத்தானிடம் கொண்டு செல்லும். றொக்கிளை அங்கே கொண்டு செல்வதோ அன்றாடச் செலவு. இம்மாற்றம் எங்கிருந்து வந்ததென்பதை அக்குடும்பத்தின் வரலாறு காட்டுகின்றது. சோஹோவின் டீன் வீதியில் வாழ்ந்த காலத்தில் மார்க்ஸ் தம்பதியர் மூன்று குழந்தைகளை இழந்தனர். 1852 இல் இறந்த பிரான்சிஸ்காவின் சவப்பெட்டிக்கான பணம் அயலிலிருந்த பிரெஞ்சு அகதியொருவரிடம் கடனாகப் பெறப்பட்டது. அதே ஆண்டில், மேலங்கி அடகிலிருந்தமையால் வெளியே செல்ல முடியவில்லையென்றும், பின்னொரு சமயம் பல நாட்களாகப் பாணும் உருளைக்கிழங்கும் மட்டுமே வீட்டின் உணவென்றும் மார்க்ஸ் எங்கெல்சுக்கு எழுதினார். எலினோர் பிறந்து மூன்றாம் மாதத்தில் எட்டு வயது எட்கார் இறந்தான். பின்னர் வீடு மாறியபோதும் கடன்காரர் மாறவில்லை.

இக்கதையை அந்நியமாதல் கோட்பாட்டின் உருவகமாகக் கொள்வது எளிது. உழைப்பாளி படைத்த பொருள் அவனை விட்டகன்று அவனுக்குப் புறம்பான ஆற்றலாக நிற்கின்றது என்பது 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளின் மையக் கருத்து. 1867 இல் வெளிவந்த மூலதனத்தின் முதல் அத்தியாயத்தில், பண்டமாகிவிட்ட சாதாரண மேசையொன்று விந்தையான உயிர்ப்புக் கொண்டு நிற்பதும் நாமறிந்ததே. றொக்கிளின் கடையிலும் மேசைகள் உள்ளன. எனினும், கதையை மூலதனத்தின் முன்வரைவாகக் காட்டுவோமாயின் கதையையும் இழப்போம். கோட்பாட்டுக்கும் எதனையும் சேர்த்தவராகோம். ஒற்றுமையிலும் பார்க்க வேறுபாடே இங்கு முக்கியமானது. பண்டம் விற்றவனிடம் மீள்வதில்லை, பொம்மைகளோ மீள்கின்றன.

இம்மீட்சியை வெறும் ஆறுதலெனத் தள்ளிவிடலாமா? அவ்வாறு தள்ளுமுன் இரண்டு விடயங்களைக் கருத வேண்டும். முதலாவது, அக்குடும்பம் சந்தையை அறிந்திருந்தது போலவே அடகுக்கடையையும் அறிந்திருந்தது. உடைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் அங்கே போவதும், எங்கெல்சின் பணம் வந்ததும் மீள்வதும், மறுபடி போவதுமாக இருந்தன. மனமின்றிக் கொடுத்தலும் மீளப் பெறுதலும் எனக் கதை கொண்டுள்ள இயக்கம் அடகு வைத்து மீட்கும் வாழ்க்கையின் இயக்கமேயெனக் கருத இடமுண்டு. கனவுபோலத் தோன்றும் முடிவு யதார்த்தத்திலேயே வேரூன்றியுள்ளது. இரண்டாவது, இது கேட்பவரின் முன்னிலையிற் பிறக்கும் கலை. நாளையும் கதை வேண்டுமென்று கேட்கும் குழந்தைக்காகப் பொம்மைகள் இன்று திரும்பியாக வேண்டும். அவ்வகையில் முடிவைத் தீர்மானிப்பதிலே குழந்தைக்கும் பங்குண்டு. எழுத்தாளனும் வாசகனும் ஒருவரையொருவர் காணாத அச்சுச் சந்தையில் இப்பங்கு அரிது.

இவ்வேறுபாட்டை மறந்தமையால் நேர்ந்த பிழையொன்று முற்போக்கு இலக்கிய வரலாற்றிலேயே உண்டு. ருஷ்ய எழுத்தாளர் கோர்னெய் சுக்கோவ்ஸ்கி, ஹெல்சிங்கியிலிருந்து நோயுற்ற தம் மகனுடன் இரவுப் புகைவண்டியில் திரும்பியபோது, அழும் பிள்ளையின் வேதனையை மறக்கச் செய்யவே முதலைக் கதையைப் புனையத் தொடங்கியதாகக் கூறியுள்ளார். வண்டிச் சக்கரங்களின் ஓசையே அதன் சந்தமாயிற்று. 1917 இல் அச்சேறிய அக்கதை பெரும் புகழ் பெற்றது. 1928 இல், லெனினின் துணைவியாரும் சோவியத் கல்விப் பணியின் முன்னோடிகளுள் ஒருவருமான குரூப்ஸ்கயா பிராவ்தாவில் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். முதலையின் வாழ்க்கை பற்றிய அறிவை அது குழந்தைக்குத் தரவில்லையென்பது அவரது குறைபாடுகளுள் ஒன்று. மாக்சிம் கோர்க்கி சுக்கோவ்ஸ்கிக்குச் சார்பாக அதே ஏட்டில் எழுதினார். எனினும் 1929 இன் முடிவில் சுக்கோவ்ஸ்கி தம் கதைகளைத் தாமே மறுத்துரைக்க நேர்ந்தது.

குரூப்ஸ்கயாவை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. எழுத்தறிவின்மையோடு போராடிய ஒரு நாட்டிலே பிள்ளைக்கு மெய்யறிவு வேண்டுமென அவர் கவலைப்பட்டதில் நியாயமுண்டு. அவர் தவறியது அளவுகோலிலேயே. நோயாளிப் பிள்ளையொன்றின் தேவைக்குப் பிறந்த கதையை அவர் விலங்கியற் பாடமாக மதிப்பிட்டார். முதலை வீதியில் நடவாதென்று பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தமையாலேயே அது சிரிக்கின்றது.

அதேவேளை, கதை சொல்லும் தந்தையைப் புனிதப்படுத்துவதும் திறனாய்வாகாது. மார்க்சின் வீட்டுச் சுமையை ஜென்னியும் பணிப்பெண் ஹெலன் டெமுத்தும் தாங்கினர். ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கான உணவுக் கூடையும் ஹெலனின் கையாலேயே நிரம்பியது. கதைக்குக் கிடைத்த ஓய்வு பிறர் உழைப்பின் மீது நின்றது. அக்காலத்துத் தொழிலாளர் வீடுகளில் அவ்வோய்வுதானும் இருக்கவில்லை. நொட்டிங்ஹம் லேஸ் தொழிலில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே படுக்கையிலிருந்து இழுத்தெடுக்கப்பட்டு இரவு பத்து, பதினொரு மணிவரை வேலை வாங்கப்பட்டதாக 1860 இல் ஒரு நீதவான் பொதுக் கூட்டத்திற் கூறியதை, வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்சே எடுத்துக்காட்டுகின்றார். எலினோர் றொக்கிளின் கதை கேட்டு வளர்ந்த அதே ஆண்டுகள் அவை. அப்பிள்ளைகளுக்கு யார், எப்போது கதை சொல்லியிருக்க முடியும்? அவர்தம் தாய்மார் புனைந்திருக்கக்கூடிய கதைகளின் இழப்பை நினைந்து வருந்தவும் எவருமிலர். றொக்கிளின் பெயரேனும் எமக்கு எஞ்சியமைக்கு அதனைச் சொன்னவர் பெற்ற புகழே காரணம்.

எலினோர் பின்னாளில், 1889 இல் உருவான எரிவாயுத் தொழிலாளர் சங்கத்திலே முன்னின்று உழைத்தார். எட்டுமணிநேர வேலைநாளுக்காகக் குரல் கொடுத்தார். பொம்மைக்கடைக் கதையே அவரை ஆக்கியதென்பது நகைப்புக்கிடமானது. ஆயின், நாற்பது வயதை அணுகிய நிலையில், தந்தையாரின் நூல்களைப் பதிப்பிக்கும் பணியிலும் பங்குகொண்ட அவர், தொழிலாளர் மலரொன்றுக்கு எழுதும்போது அக்கதையை நினைவுகூரத் தகுந்ததெனக் கருதினார். அக்கருத்தை நாம் புறக்கணித்தற்கில்லை.

சிறுவர் இலக்கியம் பற்றி முற்போக்காளர் எம்மிடையே பேசும்போது, கதையில் என்ன கருத்து இருக்க வேண்டும் என்பதே முதல் வினாவாக எழுகின்றது. மார்க்ஸ் தம் மகளுக்குச் சுரண்டல் பற்றி விரிவுரை நிகழ்த்தவில்லை. கடன்பட்ட மந்திரவாதி ஒருவனைக் கொடுத்தார். கதைக்குள் என்ன இருக்க வேண்டுமென்று விதிப்பதற்கு முன்னர், வேலை முடிந்து வீடு திரும்பும் தாய்க்கும் தந்தைக்கும் கதை புனைய ஒரு மணிநேரம் எஞ்சியிருக்கின்றதா என்று நாம் கேட்டாக வேண்டும். அந்த ஒரு மணிநேரத்துக்கான போராட்டமும் சிறுவர் இலக்கியத்தின் வரலாற்றைச் சேர்ந்ததே.