கைபேசிக்குக் கைப்பிடி: வாங்குமுன் ஒரு மதிப்பீடு

கைபேசியை நடுவில் வைத்து, இருபுறமும் இழுத்துப் பொருத்திக்கொள்ளும் விளையாட்டுக் கைப்பிடிகள் இப்போது பரவலாக விற்பனையாகின்றன. கடைக்காரரும் பிள்ளைகளும் இதைக் 'கன்ட்ரோலர்' என்றே அழைக்கின்றனர்; நாமும் அவ்வாறே அழைப்போம். கட்டைவிரல்களுக்கு இரண்டு குமிழ்கள், வலப்புறம் நான்கு பொத்தான்கள், இடப்புறம் சிலுவை வடிவில் ஒரு திசைப் பொத்தான், மேல்விளிம்பில் மற்ற விரல்களுக்கென இன்னும் நான்கு பொத்தான்கள் என்பது இதன் பொதுவான அமைப்பு. போடிநாயக்கனூர் வட்டாரத்தில் ராசிங்காபுரம் போன்ற ஊர்களுக்கும் இன்று இது கூரியரில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. இதை மாட்டிவிட்டால் கையிலுள்ள கைபேசியே ஒரு விளையாட்டு இயந்திரமாகிவிடும் என்பதுதான் விற்பவர்கள் கூறுவதன் சாரம். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டுக்கு ஒரே கைபேசி வைத்துக்கொண்டு, பிள்ளையின் வற்புறுத்தலுக்காகப் பணம் செலவிட எண்ணும் பெற்றோருக்கு இது பயன்படும் என நம்புகிறோம்.

தொடுதிரையின் குறை

முதலில் இக்கருவி ஏன் தோன்றியது என்பதைக் காண்போம். கைபேசியின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுள்ள நம் விரல் அருகே வரும்போது, அவ்விடத்தில் மின்தேக்குத் திறன் மாறுகிறது. அம்மாற்றத்தை அளந்தே விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கைபேசி அறிகிறது. எழுதவும் படங்களைப் புரட்டவும் இது மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் விளையாட்டுக்கு இதில் மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, விரலே திரையை மறைக்கிறது. 15 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் உள்ள திரையின் பரப்பு 105 சதுர செ.மீ. ஒவ்வொரு கட்டைவிரலும் 2 செ.மீ. அகலம், 4 செ.மீ. நீளம் மறைப்பதாகக் கொண்டால், இரண்டும் சேர்ந்து 16 சதுர செ.மீ. மறைக்கின்றன. அதாவது, காண வேண்டிய காட்சியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் கைக்கு அடியில் போய்விடுகிறது.

இரண்டாவது, கண்ணாடியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பழைய பொத்தான் கைபேசிகளில் 5 என்னும் எண்ணின் மேல் ஒரு சிறு புள்ளி புடைத்திருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் புள்ளியின் துணையால் கண்ணால் பாராமலேயே எண்களை அழுத்த முடிந்தது. ஏலச்செடியின் அடியில் படர்ந்திருக்கும் சரத்தில் பருவமான காயை மட்டும் பிரித்தெடுக்கும் தொழிலாளியின் விரலைக் கவனித்தாலும் இவ்வுண்மை விளங்கும். கண் அடுத்த காய்க்குப் போகும்போதே விரல் இந்தக் காயை எடுத்து முடித்துவிடும். தொடு உணர்வு கண்ணின் வேலையைக் குறைக்கிறது. வழுவழுப்பான கண்ணாடியோ இந்த உதவியை முற்றிலும் பறித்துவிடுகிறது. ஆட்டக்காரர் எதிரியையும் பார்க்க வேண்டும், தம் விரல் பொத்தானைவிட்டு நழுவியதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஈரம். நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், வியர்த்த விரலையும் திரைமேல் விழுந்த துளியையும் கைபேசி சில வேளைகளில் தவறாக உணர்கிறது. போடிமெட்டுச் சரிவில் மழைக்காலத்தில் கைபேசியைப் பயன்படுத்தியவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

இம்மூன்று குறைகளையும் கன்ட்ரோலர் உண்மையாகவே நீக்குகிறது. விரல்கள் திரையைவிட்டு வெளியே வந்துவிடுகின்றன. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி இடமும் தனி அழுத்தமும் உண்டு. ஈரம் ஒரு பொருட்டன்று. இதில் விற்பவர்களின் கூற்று முழு உண்மை.

கருவியின் முன்னோர்

சிலுவை வடிவத் திசைப் பொத்தானை இன்றைய வடிவில் அமைத்தவர் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தில் பணியாற்றிய குன்பெய் யோகோய். 1982-ல் வெளிவந்த 'டாங்கி காங்' என்னும் கையடக்க விளையாட்டில் அது இடம்பெற்றது. கட்டைவிரலை எடுக்காமலேயே நான்கு திசைகளையும் உணர்ந்து அழுத்தலாம் என்பதே அதன் சிறப்பு. 2007-க்குப் பின் தொடுதிரைக் கைபேசிகள் பெருகியபோது இந்த வசதி மறைந்தது. பின்னர் 2011-ல் ஆண்ட்ராய்டு 3.1 பதிப்பும், 2013-ல் ஆப்பிளின் ஐ.ஓ.எஸ். 7 பதிப்பும் வெளிக்கருவிகளின் குமிழ்களையும் பொத்தான்களையும் புரிந்துகொள்ளும் ஆற்றலைப் பெற்றன. 2020-ல் 'ரேசர் கிஷி', 'பேக்போன் ஒன்' ஆகிய இரண்டும் வந்த பிறகே இருபுறமும் மாட்டும் வடிவம் பலருக்கும் அறிமுகமாயிற்று. அவற்றைப் பின்பற்றிப் பல மலிவான கருவிகளும் சந்தைக்கு வந்தன.

உள்ளே நடப்பது என்ன?

பொத்தானின் அடியில் பெரும்பாலும் ஒரு சிறு ரப்பர்க் குமிழி இருக்கும். அழுத்தியதும் அது மடங்கி மின்சுற்றை இணைக்கும். கட்டைவிரல் குமிழில்தான் தரத்தின் வேறுபாடு தெரிகிறது. மலிவான கருவிகளில் குமிழின் அடியில் மாறுமின்தடை உண்டு. பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகில் இருந்ததும் இதுவே. இதில் ஒரு முனை தகட்டின்மேல் உரசிக்கொண்டே நகர்வதால் நாளடைவில் தேய்மானம் ஏற்படும். நாம் பயன்படுத்திப் பார்த்த மலிவான கருவி ஒன்றில், சில மாதங்களிலேயே, இடக் குமிழைத் தொடாதபோதும் திரையிலிருந்த உருவம் தானாக ஒருபுறம் நடக்கத் தொடங்கியது. தேய்ந்த தகடு பொய்யான அளவைக் காட்டுவதே இதற்குக் காரணம்.

இதற்கு மாற்று, 1879-ல் அமெரிக்கரான எட்வின் ஹால் கண்டறிந்த விளைவில் அமைந்தது. மின்னோட்டம் செல்லும் கடத்தியின் அருகே காந்தம் வரும்போது, அதன் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. குமிழில் காந்தத்தையும் அடியில் உணரியையும் வைத்துவிட்டால் உரசல் இல்லாமலே நிலையை அளக்கலாம். அண்மைக் காலக் கருவிகள் பலவற்றில் இவ்வமைப்பு வந்துவிட்டது. வாங்குவோர் விளக்கு அலங்காரத்தையும் நிறத்தையும் விட்டு, 'ஹால் குமிழா?' என்று கேட்பது நல்லது.

அடுத்தது தாமதம். திரை விநாடிக்கு 60 படங்கள் காட்டினால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 17 மில்லிவிநாடி. கைபேசியின் துளையில் நேரடியாகச் செருகும் கருவி இதற்குள் செய்தியைச் சேர்த்துவிடும். புளூடூத் வழியாக இயங்குவது சில வேளைகளில் ஒன்றிரண்டு படங்கள் பிந்திவிடும். போடியிலும் இடுக்கி மாவட்டப் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தை அறிந்தவர்களுக்குத் தாமதத்தின் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட விலை ஒரு கணம் பிந்தினால் சரக்கு வேறொருவருக்குப் போய்விடும். வேக விளையாட்டிலும் அப்படியே.

மூன்று அனுமதிகள்

இதுவரை கூறியதைக் கொண்டு, நல்ல கருவியை வாங்கினால் போதும் என்று தோன்றலாம். ஆனால் கன்ட்ரோலர் தானாக எதையும் இயக்குவதில்லை. அது வேலை செய்ய வேறு மூவர் இசைய வேண்டும்: விளையாட்டு, கைபேசியின் உடலமைப்பு, இணையத் தொடர்பு. விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

முதலில் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பொத்தான் அழுத்தப்பட்டது என்ற செய்தி கைபேசி வரை வந்துவிடும். அதை வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் விளையாட்டை எழுதியவரின் விருப்பம். 2019-ல் வெளிவந்த 'கால் ஆஃப் டியூட்டி மொபைல்' அவ்வாண்டு முடிவதற்குள் கன்ட்ரோலரை ஏற்றது. கன்ட்ரோலர் வைத்திருப்போரை அவர்களைப் போன்றோருடனேயே மோதவிட்டது. விரலால் ஆடுவோருக்கு அநீதி நேரக்கூடாது என்பதே காரணம். 'மைன்கிராஃப்ட்' போன்றவையும் ஏற்கின்றன. ஆனால் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட 'பப்ஜி மொபைல்' விளையாட்டும், அதன் இடத்தில் 2021 ஜூலையில் வந்த 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'வும் விரல்களுக்கென்றே அமைக்கப்பட்டு வெளிவந்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கன்ட்ரோலர் கேட்பது இவ்வகை விளையாட்டுகளுக்காகவே!

இதற்கும் ஒரு வழி இருக்கிறது எனச் சில விற்பனையாளர்கள் கூறுவர். பொத்தானை அழுத்தும்போது, திரையின் குறிப்பிட்ட இடத்தை விரல் தொட்டதுபோல நடிக்கும் செயலி ஒன்றைத் தருவர். இதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். விளையாட்டின் கண்ணில் இது மாறுவேடம். எதிரே விரலால் ஆடும் மற்றொரு பிள்ளைக்கு இழைக்கும் வஞ்சனையுங்கூட. கண்டுபிடிக்கப்பட்டால் பல மாத உழைப்பில் சேர்த்த கணக்கே முடக்கப்படலாம். மேலும், முகம் தெரியாதவர் எழுதிய அச்செயலிக்குத் திரை முழுவதையும் கையாளும் உரிமையைத் தர வேண்டியிருக்கும். அதே கைபேசியில் தந்தையின் வங்கிக் கணக்கும் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, கைபேசியின் உடலமைப்பு. மாட்டும் கன்ட்ரோலர்களில் பல, சார்ஜர் செருகும் துளையிலேயே அமர்கின்றன. துளை ஓரத்தில் சற்றுத் தள்ளியிருந்தாலும், பின்புறக் கேமரா மிகப் புடைத்திருந்தாலும், உறை தடித்திருந்தாலும் பொருந்தாது. உறையைக் கழற்றிவிட்டு விளையாட வேண்டும். விடியுமுன் ஜீப்பில் ஏறித் தோட்டத்துக்குச் செல்லும் வீட்டில் அந்த உறை அழகுக்காகப் போட்டதன்று. செருகிய நிலையில் கீழே விழுந்தால் நெம்புகோல்போல் விசை துளையின்மேல் பாயும். துளை தளர்ந்தால் சார்ஜும் ஏறாது. அப்போது பழுதாவது விளையாட்டுப் பொருளன்று, குடும்பத்தின் ஒரே தொடர்புக் கருவி.

விலை உயர்ந்த கருவிக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. 2020-ல் 'பேக்போன் ஒன்' ஐபோனின் அன்றைய 'லைட்னிங்' துளைக்கென 99.99 டாலர் விலையில் வந்தது. 2023-ல் ஆப்பிள் தன் ஐபோன் 15 வரிசையில் யு.எஸ்.பி. சி வகைத் துளைக்கு மாறியது. பழைய கருவி பழுதின்றி இருந்தும் புதிய ஐபோனில் நேரடியாகச் செருக இயலாமற்போயிற்று. கைபேசியின் உடலோடு இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்த பொருளின் ஆயுள், அக்கைபேசியின் ஆயுளைப் பொறுத்ததாகிவிடுகிறது. இன்றைய மதிப்பில் ரூபாய் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட இத்தொகை, நம் பகுதியில் ஒரு தொழிலாளியின் பல நாள் கூலி.

மூன்றாவது, இணையத் தொடர்பு. பெரிய விளையாட்டுகளைத் தொலைவிலுள்ள கணினியில் ஓடவிட்டு, படத்தை மட்டும் கைபேசிக்கு அனுப்பும் முறை இப்போது வந்துள்ளது. இதற்குக் கன்ட்ரோலர் மிகப் பொருத்தமானது எனக் கூறப்படுகிறது. அக்கணினி மும்பையில் இருப்பதாகக் கொள்வோம். போடியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 1,100 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு இலட்சம் கி.மீ. வேகத்தில் செல்வதால், போய்வர 11 மில்லிவிநாடி ஆகும். இது இயற்கை விதித்த குறைந்த அளவு. கோபுரத்தில் காத்திருப்பு, படத்தைச் சுருக்கி விரிக்கும் நேரம் ஆகியவை இதன்மேல் கூடும். மலை மறைவில் அலை மெலிந்தால் பல மடங்காகும். கையிலுள்ள பொத்தான் எவ்வளவு உயர்ந்ததாயினும் இத்தாமதத்தைக் குறைக்காது.

நம் தீர்ப்பு

கன்ட்ரோலர் ஏமாற்று வேலையன்று. தொடுதிரையில் உள்ள உண்மையான குறைக்கு அது உண்மையான மருந்து. ஆனால் எந்த நோய்க்கும் ஒரே மருந்து என விற்கப்படுவதுதான் தவறு. ஆகவே வாங்கும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் பிள்ளை விளையாடும் விளையாட்டுகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் அமைப்புப் பகுதியிலும் கன்ட்ரோலருக்கு இடம் உண்டா எனப் பாருங்கள். பாதிக்கு மேல் இல்லையெனில் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இருந்தால், உறையுடன் பொருந்துகிறதா, விளையாடும்போதே சார்ஜ் ஏற்ற வழியுண்டா, ஹால் குமிழ் உள்ளதா, திருப்பித் தர வசதி உண்டா என்ற நான்கையும் கேளுங்கள்.

இன்னொரு வழியையும் கருதலாம். கைபேசியில் மாட்டாத, தனியாகக் கையில் பிடிக்கும் சாதாரணக் கன்ட்ரோலர் ஒன்று, கைபேசியை நிறுத்திவைக்க ஒரு சிறு தாங்கி, இவ்விரண்டும் போதும். புளூடூத் மூலமோ கம்பி மூலமோ இணைக்கலாம். துளையின்மேல் பாரம் விழாது. கைபேசி மாறினாலும் கருவி நிலைக்கும். பின்னாளில் வீட்டில் கணினி வந்தால் அதிலும் பயன்படும். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலையும் வாழ்வையும் காட்டும் 'வெண்பா' என்னும் 2023-ஆம் ஆண்டு விளையாட்டையும் அதே கருவியால் கணினியில் ஆடலாம். பையில் வைத்து எடுத்துச் செல்லும் வசதி ஒன்றில்தான் மாட்டும் வகை இதைவிட மேலானது. ராசிங்காபுரத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விளையாடும் பிள்ளைக்கு அவ்வசதியைவிட, குடும்பத்தின் கைபேசி பழுதாகாமல் இருப்பதே முக்கியம்.