இலம்பரேனே மருத்துவத் தொண்டு: ஓர் ஆராய்ச்சி

பிற சமயத்தார் செய்யும் தொண்டினை ஆராயப் புகுவார் இருவகைப் பிழைகளுள் ஒன்றில் வீழ்தல் பெரும்பான்மை. அவருள் ஒருசாரார், செய்வார் பிற சமயத்தார் என்பது பற்றியே அத்தொண்டினை மதமாற்றத்திற்கு இட்ட இரையென இகழ்ந்தொதுக்குவர். மற்றொரு சாரார், நோயாளிக்கு மருந்து கிடைத்தது என்னும் அளவிலே மனநிறைவெய்தி, கொடுத்தவர் கொண்டவரை எவ்வாறு மதித்தார் என வினவுதலையே நன்றிகொன்ற செயலாகக் கருதுவர். இவ்விரண்டும் நடுநிலையாகா. தொண்டென்பது பொருளளவில் முடிந்துவிடுவதன்று. செய்தவர் கருத்தும், செய்யப்பட்டார் அதனால் எய்திய நிலையும் அதன்கண் அடங்கும். இதனை உளங்கொண்டு, ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் நிகழ்ந்த கிறித்தவத் தொண்டுகளுள் உலகெங்கும் பெயர்பெற்ற இலம்பரேனே மருத்துவமனையை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

ஆப்பிரிக்காவின் மேல்கரையிலுள்ள கபோன் நாட்டில், நிலநடுக்கோட்டிற்கு அணித்தாக, ஒகோவே என்னும் பேரியாற்றின்கண் அமைந்த ஊர் இலம்பரேனே. சுற்றிலும் அடர்ந்த காடு. அக்காலத்தில் ஊர்க்கும் ஊர்க்கும் ஆறே வழி. அந்நாடு பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தபோது, 1913ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், ஆல்பர்ட் சுவைட்சர் என்னும் மருத்துவர் தம் மனைவியாருடன் அங்கு வந்திறங்கினார். அவர் 1875ஆம் ஆண்டு அல்சாசு நாட்டிற் பிறந்தவர். கிறித்தவ சமயநூற் புலமையிலும், மெய்ப்பொருளாராய்ச்சியிலும், ஆர்கன் என்னும் இசைக்கருவி வாசித்தலிலும் பெரும்புகழ் எய்தியவர். முப்பது ஆண்டு நிரம்புமளவும் கல்விக்கும் கலைக்கும் வாழ்ந்து, அதன்மேல் மக்கட்கு நேரே தொண்டு செய்வதெனத் தம் இருபத்தோராம் வயதிலே உறுதிகொண்டார். அவ்வுறுதி பிறழாது, முப்பதாம் வயதில் மீண்டும் மாணாக்கராகி மருத்துவம் பயின்றார். இலம்பரேனேயில் முதற்கண் அவர்க்கு மருத்துவச்சாலையாக வாய்த்தது, கோழிகள் அடைந்து கிடந்த ஒரு கொட்டிலே. முதல் உலகப்போரில் செர்மன் குடியாதல் பற்றிக் காவலில் வைக்கப்பட்டு, 1917இல் பிரெஞ்சு நாட்டிற்குக் கொண்டுபோகப்பட்டார். 1924இல் மீண்டு வந்து, காடு மூடிய கட்டடங்களைச் செப்பம் செய்தார். பின்னர் ஆற்றின் மேற்பால் வேறோரிடம் திருத்திப் பெரிய மருத்துவமனை எடுத்து, 1927இல் நோயாளிகளை ஆங்குக் குடியேற்றினார். 1952ஆம் ஆண்டிற்குரிய நோபல் அமைதிப் பரிசிலைப் பெற்று, அப்பொருளைத் தொழுநோயாளர் உறையுளுக்குச் செலவிட்டார். 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் இலம்பரேனேயிலேயே உயிர்நீத்து, அம்மண்ணிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றார். இத்துணை நெடிய துறவினை எளிதாக எண்ணுவார் அறிவுடையாராகார்.

அம்மருத்துவமனையின் அமைப்பும் கருதத்தக்கது. மேனாட்டு மருத்துவமனைபோல் நோயாளியைச் சுற்றத்தினின்றும் பிரித்து வெண்சுவர்களுக்குள் வைத்தல் ஆங்கில்லை. காட்டூர்களினின்று தோணியேறி வருவார் மனைவி மக்களோடும், சட்டி பானையோடும் வந்து, தங்குகுடிலின் வாயிலில் அடுப்பு மூட்டி, நோயாளிக்குத் தாமே சமைத்தளித்தனர். ஆடும் கோழியும் இடையே திரிந்தன. பார்வையாளர் சிலர் தூய்மையின்மை கூறிக் குறைசொல்லினும், அறியாத இடத்திற்கு அஞ்சும் மக்களின் உள்ளத்தை அறிந்து செய்த ஏற்பாடு அது. தம் ஊர்போன்ற இடமாதலின் அவர் அஞ்சாது வந்தனர். குடலிறக்கம், தொழுநோய், உறக்கநோய், மலேரியாக் காய்ச்சல், ஆறாப்புண் என்பவற்றால் வருந்தியோர் பலர் அங்கு உயிர்பிழைத்தனர்.

இனி, இத்தொண்டு மதமாற்றத்திற்கு இட்ட இரையோ எனின், அன்று என்றே கூறல்வேண்டும். பாரிசு நகரத்துச் சமயப்பணிக் கழகத்தார், இயேசுநாதர் வரலாறு பற்றிச் சுவைட்சர் கொண்டிருந்த கொள்கைகள் தம் சமயக்கோட்பாட்டிற்கு மாறாயின என அஞ்சி, அவரை ஏற்கத் தயங்கினர். அவர், தாம் மருத்துவராக மட்டும் இருப்பதாகவும், சமயம் பற்றி வாய்திறவாதிருப்பதாகவும் உறுதிகூறி, வேண்டும் பொருளையும் தாமே ஈட்டிக்கொண்டு சென்றார். அங்கிருந்த பணியாளர் விரைவில் அத்தடையை நீக்கியமையால் பின்னர் அவர் சமயவுரை நிகழ்த்தியது உண்மையே. எனினும், மருந்து பெறுதற்கு மதம் மாறுதல் வேண்டும் என்னும் விதி அங்கு இருந்ததில்லை. ஆகலின் அவ்வகையிற் குற்றங்கூறுவார் கூற்று இங்குப் பொருந்தாது. குற்றம் வேறோரிடத்தில் உளது. அதனை அவர்தம் எழுத்திலிருந்தே காட்டலாம்.

1920ஐ ஒட்டி வெளிவந்த தம் இலம்பரேனே நூலில், தாம் ஆப்பிரிக்கா சென்றதற்குச் சுவைட்சர் ஒரு காரணம் கூறுகின்றார். விவிலியத்தில், செல்வன் ஒருவன் விருந்துண்டு களித்திருக்க, அவன் வாயிலில் புண்ணுடலோடு கிடந்த இலாசரு என்னும் வறியவன் கதை உண்டு. ஐரோப்பியரே அச்செல்வன், ஆப்பிரிக்க மக்களே அவ்விலாசரு என்பது அவர் கருத்து. அடிமை வாணிகத்தாலும், மதுவாலும், புதிய நோய்களாலும் வெள்ளையர் அம்மக்கட்கு இழைத்த தீங்கிற்கு அளவில்லை. ஆதலால் மருத்துவம் அனுப்புதல் கொடையன்று, கழுவாய் என்றும், திருப்பித் தரவேண்டிய கடன் என்றும் அவர் துணிந்தெழுதினார். அக்காலத்தில் ஐரோப்பியருள் இவ்வுண்மையை வெளிப்படக் கூறினார் மிகச் சிலரே. ஒகோவேக் கரையில் அவர் கண்கூடாகக் கண்டதும் அதுவே. ஒக்குமே என்னும் மரத்தை வெட்டி ஐரோப்பியர்க்கு விற்கும் வாணிகம் பெருகவே, ஊரார் பயிரிடுதலை விட்டுக் காடுபுகுந்தனர். உணவு குறைந்தது; அயல்நாட்டு அரிசியை எதிர்பார்த்திருக்க நேர்ந்தது; 1925இல் பஞ்சமும் வயிற்றுளைச்சலும் ஒருங்கே வந்து மருத்துவமனையை நிரப்பின. நோய்க்கு முதல் அவ்வாணிகமே யாக, மருந்து கொடுத்தல் அதனால் விளைந்த கடனின் ஒருசிறு பகுதியைத் தீர்த்தலே யாகும்.

அந்நூலிலேயே மற்றொரு கூற்றும் உளது. ஆப்பிரிக்கர் தமக்கு உடன்பிறந்தாரே யெனினும், தாம் மூத்தவர் அவர் இளையவர் என்னும் முறைபற்றியே பழகவேண்டுமென்பது அது. அதிகாரம் தம்பால் நிற்க, அன்பு அதனோடு சேரவேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி. இவ்விரு கூற்றும் தம்முள் முரணுதலை அன்பர்கள் உய்த்துணர்க. கடன்பட்டவன் கடன்கொடுத்தவன் மனைவாயிலில் நின்று, 'யான் உனக்கு மூத்தோன். என் சொற்கடங்கி இதனைப் பெற்றுக்கொள்' எனக் கூறுதல் எந்நாட்டு வழக்கு? முதற்கூற்று மெய்யாயின் இரண்டாவது நில்லாது. இரண்டாவது நிற்குமாயின் முதற்கூற்று வாய்ச்சொல்லாய் ஒழியும்.

இதற்கு அவர் தரப்பில் ஒரு விடை உண்டு. ஒரு சமயப்பணியாளர் தம் பதவியைத் துறந்து, ஊரார்க்கு ஒத்த உடன்பிறப்பாக வாழ விரும்பி, ஓரூரின் அருகே குடில் அமைத்ததையும், அன்று முதல் தம் மதிப்பையெல்லாம் இழந்து அவர் துன்புற்றதையும் சுவைட்சர் எடுத்துக்காட்டுகின்றார். இவ்வெடுத்துக்காட்டு அவர் கருதிய முடிவைத் தாராது. வரியும் படையும் நாடாள்வார் கையிலிருக்க, அவ்வினத்துள் ஒருவர் மட்டும் தம் உயர்வைக் கழற்றி வைத்தமையால் ஊரார் உள்ளத்து அச்சமும் ஐயமும் ஒருநாளில் நீங்குமோ? நெடுங்காலம் ஏற்றத்தாழ்வில் வைக்கப்பட்ட மக்கள் ஒருவரது ஒப்புமையை உடனே நம்பாமை, ஒப்புமை தீது என்பதற்குச் சான்றாகாது. அவ்வேற்றத்தாழ்வு எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கே சான்றாகும்.

கொள்கையில் நின்ற இம்முரண் செயலிலும் விளைவு காட்டிற்று. சுவைட்சர் தம் நெடுங்காலத் தொண்டினுள் அவ்வாற்றங்கரை மக்களின் மொழிகளைக் கற்றாரல்லர். மொழிபெயர்ப்பார் வாயிலாகவே பேசினார். அவருடைய முதல் துணைவராகிய ஜோசப் என்னும் ஆப்பிரிக்கர் முன்னர்ச் சமையற்காரராயிருந்தவர். நோயாளியின் உடலுறுப்புக்களை இறைச்சிக்கடைப் பெயர்களாற் குறித்து அவர் மொழிபெயர்த்ததைச் சுவைட்சரே நகையாடி எழுதியுள்ளார். அந்நகைக்குள் ஒரு செய்தி மறைந்துள்ளது. முறையான கல்வியின்றியே பல மொழிகளுக்கிடையே நின்று மருத்துவனையும் நோயாளியையும் இணைக்கவல்ல அறிவு அவர்பால் இருந்தது. அவ்வறிவை வளர்த்து மருத்துவராக்கும் கல்விச்சாலை ஒன்று சுவைட்சர் காலத்து இலம்பரேனேயில் எழவில்லை. மருத்துவரும் செவிலியரும் ஐரோப்பாவினின்று வந்தவண்ணமே இருந்தனர். 1960இல் கபோன் விடுதலை பெற்றபின்னும் அம்மருத்துவமனை மூத்தோன் ஒருவனது இல்லமாகவே நின்றது.

காலத்தின் இயல்பே அது, வேறு செய்தல் இயலாதெனின், அதுவும் பொருந்தாது. கிழக்கே உகண்டா நாட்டில், ஆங்கிலத் திருச்சபைப் பணிக்கழகத்தைச் சார்ந்த ஆல்பர்ட் குக் என்னும் மருத்துவர் 1897இல் மெங்கோ என்னுமிடத்தில் மருத்துவமனை நிறுவினார். அவரும் மனைவியாரும் ஆப்பிரிக்க மகளிர்க்கு மருத்துவச்சிப் பயிற்சிப் பள்ளி தொடங்கினர். அக்கலைக்கு அந்நாட்டு மொழியாகிய லுகாண்டாவிலேயே கைந்நூலும் இயற்றினர். முதல் உலகப்போர்க் காலத்திலேயே குக் ஆப்பிரிக்க இளைஞரை மருத்துவ உதவியாளராகப் பயிற்றலானார். 1920ஐ அடுத்த ஆண்டுகளில் மருத்துவக் கல்லூரி ஒன்று எழுதற்கும் துணைநின்றார். ஆட்சியாளர் அக்கல்வியின் படியை முதற்கண் தாழ்வாகவே வரையறுத்தனரெனினும், அவர் காலத்திலேயே அது நிறைவுடைய மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அந்நாட்டவராகிய அப்போலோ கிவெபுலாயா என்னும் ஆப்பிரிக்கக் குருவோ, காங்கோக் காட்டெல்லையிலுள்ள போகா என்னும் ஊரில் நெடுங்காலம் பணிபுரிந்து, காட்டில் வாழ் குள்ள மக்களின் மொழியையும் கற்று, அதில் விவிலியத்தின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து, 1933இல் மறைந்தார். இளையோன் எனப்பட்டவன் ஆசிரியனாதல் அக்காலத்திலேயே நிகழ்ந்தது என்பதற்கு இவை போதிய சான்று.

ஈண்டுத் தமிழ்மக்கள் தனித்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. சுவைட்சர் இந்திய மெய்ப்பொருட் கொள்கைகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1935ஐ ஒட்டி வெளிவந்தது. இந்தியச் சிந்தனை பெரும்பாலும் உலகையும் வாழ்வையும் மறுப்பது என அவர் அதன்கண் சாற்றினார். அதனை இராதாகிருட்டிணனார் 1939இல் வெளியிட்ட தம் நூலில் மறுத்துரைத்தார். அவ்வாறு குறைகூறிய சுவைட்சரே திருக்குறளை மட்டும் வேறாக எடுத்துப் பெரிதும் போற்றி, செயலாய் விளங்கும் அன்பினை அது கற்பிக்கின்றதென்றார். அவர் போற்றிய அந்நூலையே அவர் தொண்டிற்கு உரைகல்லாகக் கொள்ளுதல் முறையேயாம்.

வள்ளுவனார் ஈகையைக் கூறும் அதிகாரத்தின் முன்னே ஒப்புரவறிதலை வைத்தார். ஒப்புரவு என்பதனை உலகநடை அறிந்து செய்தல் என உரையாசிரியர் விளக்குவர். அச்சொல்லினுள் ஒப்பு என்பது நிற்றலும் நோக்கத்தக்கது. அவ்வதிகாரத்தில் ஆசிரியர் உவமையாக எடுத்தவற்றுள் மூன்று: ஊரார் நீருண்ணும் குளம், ஊர்நடுவே பழுத்த பயன்மரம், எல்லா உறுப்பும் மருந்தாக உதவும் மரம். இவை மூன்றும் ஊரினுள்ளே நிற்பன, கொள்வாரைத் தாழ்த்தாதன. மருந்துமரம் தன் இலையைப் பறிப்பானை இளையோன் என அழைப்பதில்லை. இலம்பரேனே மருத்துவமனை கட்டடத்தால் ஊர்போல அமைந்தது. அடுப்பும் சுற்றமும் அங்கு இடம்பெற்றன. அதிகாரம் மட்டும் ஊரின் புறத்தே நின்றது. ஊருணியாக வேண்டியது செல்வன் வீட்டுக் கிணறாய் நின்றதென்க.

நம் சித்தாந்தத்தார் ஆணவத்தின் வலியை ஆராய்ந்தாராதலின் இந்நிலை அவர்க்குப் புதிதன்று. தீவினை செய்வான்பால் மட்டும் அம்மலம் உறைவதில்லை. நல்வினை செய்வான்பாலும் 'யான் செய்தேன், இவன் பெற்றான்' என்னும் எண்ணமாய் நுண்ணிதின் நிற்கும். தொண்டு தாசமார்க்கமெனப்பட்டது, செய்வானைத் தலைவனாக்காது அடியனாக்குதல் பற்றி. இவ்வளவை சுவைட்சர்க்கு மட்டும் உரியதன்று. எச்சமயத்தார் எந்நாட்டில் மருத்துவமனையும் பள்ளியும் அன்னசாலையும் நிறுவினும் அவர்க்கும் உரியதேயாம்.

ஆப்பிரிக்க எழுத்தாளராகிய சினுவா அச்சிபே 1975இல் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில் இம்மூத்தோன் இளையோன் என்னும் முறையை எடுத்துக் கடிந்தார். அக்கடிதல் நேரியதே. எனினும் அதுபற்றி இலம்பரேனேத் தொண்டு முழுவதையும் பொய்யெனல் சாலாது. அறுவையாற் பிழைத்தவனது உயிர் மெய். அதற்காக ஒருவர் துறந்த புகழும் மெய். சுவைட்சர் மறைந்தபின் 1981இல் அங்குப் புதிய மருத்துவமனை எழுந்தது. அதனையொட்டி வளர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஆப்பிரிக்க அறிஞரும் தலைமை பூண்டனர். குழந்தைகட்குரிய மலேரியாத் தடுப்பூசியை ஆராய்ந்த இடங்களுள் அந்நிலையமும் ஒன்று. அவ்வூசியை உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் ஏற்றுப் பரிந்துரைத்தது. இளையோன் எனப்பட்டவர் மக்கள் இன்று உலகிற்கு மருந்து ஆய்ந்து தருகின்றனர். சுவைட்சர் தாமே எழுதிய கடனென்னும் சொல்லை இறுதிவரை பின்பற்றியிருப்பாராயின், இக்காட்சியைத் தம் வாழ்நாளிலேயே கண்டிருத்தல் கூடும்.